நாலாவது மாத்திரை

எனக்கு உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ அவசர வேலை இருக்கிறது, அதை அவளிடம் சொல்லாமல் மறைக்கிறேன் என்று நினைத்தாளாம். அப்படி இருப்புக் கொள்ளாத உடம்பு ஒரே ஓர் இடத்தில்தான் அடங்கும். எங்கள் தீவின் ஹேடோ கப்பல்துறையில் நிற்கும் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள், இரண்டு கையிலும் லிவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டால் ஷிஃப்ட் முடியும்வரை அசையமாட்டேன். சென்னையிலிருந்து வரும் கப்பல் கீழே வயிற்றைத் திறந்து வைத்திருக்கும். சிமென்ட், அரிசி, வெங்காயம், பள்ளிக்கூடப் பெஞ்சு, ஸ்கூட்டர் என்று இந்தத் தீவு தின்பதும் உடுப்பதும் ஓட்டுவதும் என் கொக்கியில் தொங்கித்தான் கரையில் இறங்கும்.

அந்தக் கூண்டிலிருந்து என்னை இறக்கினார்கள். காரணம் பிரஷர்.

வருடாந்திரப் பரிசோதனையில் அலுவலக டாக்டர் கைப்பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கையை மாற்றிப் பார்த்தார். "நூத்தி எண்பதுக்கு மேல இருக்கு. இதை வெச்சுக்கிட்டு மேல ஏறினா, ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கு மட்டும் ஆகாது" என்றார். அது எனக்குத் தெரியாதா? கொக்கியில் சுமை தொங்கும்போது கீழே ஆட்கள் நிற்பார்கள். மேலே இருப்பவனுக்குக் கண் இருண்டால் கீழே என்ன ஆகும் என்று இருபத்தைந்து வருஷமாகப் புதிதாக வருபவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான். அதனால் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆனால் வயிறு எரிந்தது.

கீழே எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வந்திறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. என்னைப் போய் உட்காரச் சொன்னார்கள்! பக்கத்தில் வேலை செய்பவர்கள் "குர்சி சாப்", நாற்காலி துரை, என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டேன். ஆனால் என் இடத்தில் ஏறிய ஆள் ஒரு மூட்டைக் கட்டை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டு இறக்கும்போதெல்லாம் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவேன். கை தானாக லிவரை இழுக்கும். வீட்டிலும் தேத்தண்ணி டம்ளர் முன்னால் இருக்க, மேஜைமேல் என் விரல்கள் கிரேன் ஓட்டிக்கொண்டிருக்கும்.

"டம்ளரக் கவுத்துருவீங்க. சும்மா இருக்க ஏலாதா ஒங்களுக்கு?" என்பாள் மனைவி.

ஏலாது என்பது அவள் வீட்டு வார்த்தை. அவளைப் பெற்றவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவள் பிறந்தது கச்சாலில்தான் என்றாலும் பேச்சு இன்னும் அந்த மலையை விட்டு இறங்கவில்லை. நான் தூத்துக்குடிக்காரன் மகன். "உங்க ஊர்ல ஏலாதுங்கறத விட்டா வேற பேச்சே கெடயாதாளா?" என்று நான் கிண்டல் செய்வதும், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எங்கள் வீட்டில் பழைய சங்கதி. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே கிடையாது. முடியாது என்று சொல்வதே எனக்கு ஆகாது.

பிரஷருக்காக லம்பா லைன் பகுதியில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனோம். மதுரைப் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஏற்கெனவே நான் மூன்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்துவது, ஒன்று பிரஷரை ஏற்றும் சுரப்பைத் தடுப்பது, ஒன்று சிறுநீராகப் போகவைப்பது. மூன்றும் முழு அளவில். அப்படியும் என் ரத்தம் யாருக்கும் அடங்கவில்லை. நாலாவதை எடுத்து நீட்டுவார் என்று பார்த்தால், அவர் போலீஸ்காரர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்.

"மாத்திரையை ஒழுங்கா போடறீங்களா? உண்மையைச் சொல்லணும்."

"போடாம எங்கிட்ட தப்ப ஏலுமா?" என்று மனைவி பதில் சொன்னாள்.

"முட்டி வலி, இடுப்பு வலின்னு வலி மாத்திரை வாங்கிப் போடறீங்களா? அது போட்டா பிரஷர் எறங்காது." போடுவதில்லை. "குறட்டை உண்டா?" மனைவி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். "கருவாடு?"

அங்கே மாட்டிக்கொண்டோம். மழைக்காலத்தில் கப்பல் வராது, காய்கறி கிடைக்காது. கருவாடுதான் எங்களைக் காப்பாற்றும். கருவாட்டைக் குழம்பில் போட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ளத் தனியாக வறுத்தும் வைப்போம். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வீட்டிலேயே பிரஷர் பார்க்க ஒரு மெஷின் வாங்கச் சொன்னார். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியைச் சோதிக்க ரத்தம் எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்பினார்.

மெஷின் வாங்கியது பெரிய தப்பு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார்கள். நான் பல் தேய்ப்பதற்கு முன்னால், தேய்த்ததற்குப் பின்னால், வேலைக்குச் செருப்பு மாட்டிய பிறகு, பாதி வழியில் திரும்பி வந்தும் பார்த்தேன். பட்டை உப்பும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். எண் ஏறியிருக்கும். அதைப் பார்த்ததும் கோபம் வரும். கோபத்தோடு மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருக்கும். கடைசியில் மனைவி மெஷினை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்து, நேரத்துக்கு மட்டும் எடுத்துத் தந்தாள்.

உப்பைக் குறைத்தும் எண் கொஞ்சம்தான் இறங்கியது. ரத்த முடிவில் பெரிய வியாதி எதுவும் இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் டாக்டரம்மா நாலாவது மாத்திரையை எழுதினார். ஸ்பைரனோலாக்டோன். அதன் பேரைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

"உங்க உடம்பு உப்பை விடமாட்டேங்குது. இது அந்த உப்பை வெளிய தள்ளும். மூணு மாத்திரைக்கு அடங்காத நிறையப் பேருக்கு இது கேட்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு விஷயம். சில ஆம்பளைங்களுக்கு இதுல மார்பு கொஞ்சம் வீங்கும், வலிக்கும். அப்படி இருந்தா கூச்சப்படாம சொல்லணும். இன்னொன்னு, இது பொட்டாசியத்தை உடம்புலயே நிறுத்திடும். அது ஏறினா இதயத்துக்கு ஆபத்து. உங்க கிட்னி வேற கொஞ்சம் சோம்பலா இருக்கு. வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்ந்த பழம் வேண்டாம். உப்புக்குப் பதிலா விக்கிற அந்த சோடியம் குறைச்ச உப்பும் கூடாது. ஒரு வாரத்துல ரத்தம் பாத்தே ஆகணும்."

இதில் என் காதில் நன்றாக ஏறியது மார்பு வீங்கும் என்பதுதான். கொட்டகையில் ஏற்கெனவே குர்சி சாப். அதோடு இதுவும் சேர்ந்தால் நான் தீவை விட்டே ஓட வேண்டியதுதான். தினமும் குளிக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இடமும் வலமும் அமுக்கிப் பார்ப்பேன். பழ விஷயத்திலும் குறை வைக்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நின்ற வாழையில் தார் பழுத்தபோது ஒரு பழம்கூட உரிக்காமல் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஆரஞ்சு கப்பலில் வரவேண்டியது, கப்பலே வராத நாளில் அதைப் பற்றி என்ன கவலை? அந்த உப்பு நம் கடையில் இருக்கவே இருக்காது. அவ்வளவுதான், நான் பத்தியக்காரன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

கருவாடு போனபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய் சப்பென்று கிடந்தது. அதைப் பார்த்து மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவள் தம்பிக்கு ஒரு போன் போட்டாள். என் மச்சான் லம்பா லைனில் இருக்கிறான். அவன் வீட்டு வளவுக்குள் தென்னை நாலைந்து நிற்கிறது. மறுநாள் காலையிலேயே ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குலை இளநீரை வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"மச்சான், இத ஒடம்பு சூட்டுக்கு அடிச்சுக்க ஒண்ணுமில்ல. தேத்தண்ணிய வுடுங்க, இதக் குடிங்க" என்றான்.

அதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் குலை வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. வேலைக்குப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவாள், அதில் இரண்டு காய்த் தண்ணீர் இருக்கும். சாயங்காலம் வந்ததும் ஒன்று. கொட்டகை வாசலில் வண்டி போடும் வங்காளி என்னைக் கண்டால் "டாப் காட் தூ, தாதா?" என்று, வெட்டட்டுமா என்கிற மாதிரி கத்தியைத் தூக்குவான். இங்கே இளநீருக்கு டாப் என்றுதான் பெயர். பழகிய ஆள், மறுத்தால் முகம் வாடும். அவனிடமும் ஒன்று. பழம்தானே கூடாது, இது தண்ணீர். எனக்கும் தோன்றவில்லை, மனைவிக்கும் தோன்றவில்லை, மச்சானுக்கும் தோன்றவில்லை. தீவில் யாரைக் கேட்டாலும் இளநீரை மருந்து என்றே சொல்வார்கள்.

எண் இறங்கத் தொடங்கியது. முதலில் நம்பவில்லை. மெஷின் அரிசி டின்னுக்குள் கிடந்து கெட்டுப்போனதோ என்று சந்தேகப்பட்டு மனைவி கையில் கட்டிப் பார்த்தேன். மெஷின் சரியாகவே இருந்தது. நூற்று அறுபது, ஐம்பது, பிறகு நாற்பதுக்கும் கீழே. எத்தனையோ வருஷத்தில் பார்க்காத எண். அன்றைக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "இளநித் தண்ணிதான்" என்று மனைவிக்குப் பெருமை. மாத்திரைக்கு நான் பங்கு கேட்டேன். அவள் தரவில்லை.

இதற்கு நடுவில், மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்தில், ரத்தம் பார்க்க வேண்டிய நாள் வந்திருந்தது. டாக்டரம்மாவின் கிளினிக் பக்கத்திலிருந்த சிறிய லேபுக்குப் போனேன். பொட்டாசியம் பார்க்கிற மெஷினுக்கு ஊற்றும் மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த கப்பலில் வருகிறது என்றான் அங்கிருந்தவன். கடல் கொந்தளிப்பு, கப்பல் சென்னையை விட்டே கிளம்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கலாமே என்று டாக்டரம்மா போனில் இரண்டு தடவை சொன்னார். மனைவியும் "சொணங்காம இன்னைக்கே போய்ட்டு வந்துருங்க" என்று சொன்னாள்.

"கப்பல் வரட்டும்ளா, பொறவு பாத்துக்கிடலாம்" என்றேன்.

இது நான் மட்டும் சொல்வதில்லை. தீவில் பிறந்த வார்த்தை இது. வெங்காயம் இல்லையா, கப்பல் வரட்டும். பையனுக்குச் சைக்கிள் டயர் வேண்டுமா, கப்பல் வரட்டும். கல்யாணப் பத்திரிகைக்குக் காகிதம், கக்கூஸுக்குக் குழாய், எல்லாவற்றுக்கும் கப்பல் வரட்டும். கேட்டவர் மேலே பேசமாட்டார். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார எனக்குப் பொறுமை கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அந்த வார்த்தை இல்லாவிட்டால் மனைவி என்னை விட்டிருக்கமாட்டாள். அதைக் கேட்டதும் அவளே தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நாட்களில்தான் கால் கனக்க ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் படி ஏறும்போது தொடையில் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று ஓர் உணர்ச்சி வந்து போகும். நாற்காலியில் உட்காரவைத்தே என் காலைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆபீஸைத் திட்டினேன். பிரஷர் இறங்கினால் உடம்பு அப்படித்தான் தளரும் என்று மச்சான் ஒரு காரணம் சொன்னான். தளர்ச்சிக்கு இன்னொரு இளநீர் வெட்டினான். நான் கண்ணாடி முன்னால் மார்பைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தேன். அது சொன்னபடி கேட்டுத் தட்டையாகவே இருந்தது.

அலுவலக டாக்டரிடம் மறு பரிசோதனைக்குப் போனேன். பட்டை சுற்றினார். நூற்று முப்பத்தாறு. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "புது மாத்திரைக்கு ரத்தம் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். கப்பலைச் சொன்னேன். அவரும் பல காலம் தீவில் இருப்பவர். "சரி, பாத்ததும் கொண்டாந்து காட்டுங்க" என்று சொல்லி, கிரேனுக்குத் தகுதி என்று கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு நடந்தேனா பறந்தேனா தெரியாது. கால் கனத்ததுகூட நினைவில்லை.

மறுநாளே கப்பல் வந்தது. நாங்கள் எல்லோரும் காத்துக்கிடந்த அதே கப்பல். துறையில் ஒரே சத்தம். கடைக்காரர்கள், லாரிகள், ஏஜெண்டுகள். நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தோளில் இளநீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, கிரேனடிக்குப் போனேன். கீழே நின்று எனக்குக் கைகாட்டுகிறவர் ஒரு தெலுங்குக்காரர். பல வருஷம் என் கண்ணும் அவர் கையும் ஒன்றாக வேலை செய்திருக்கின்றன. "ஆகயே அன்னா! சலோ, ஊப்பர்!" என்று மேலே ஏணியைக் காட்டிக் கட்டிப்பிடித்தார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் கப்பலின் திறந்த அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் கொக்கிக்கு அடியில் வேலை செய்யப்போகிறவர்கள்.

ஏணி செங்குத்தாக மேலே போகும். நடுவழியில் நின்று மூச்சு வாங்க ஓர் இரும்புத் தட்டு உண்டு. நான் அதில் நின்றதே இல்லை, அது மற்றவர்களுக்கு. அன்றைக்கு அந்தத் தட்டு வருவதற்கு முன்பே தொடை நடுங்கியது. கையால் இழுத்துக்கொண்டு ஏறினேன். பிறகு கையும் தளர்ந்தது. விரல் கம்பியைப் பிடிக்கிறது, ஆனால் பிடித்ததாகத் தெரியவில்லை. தட்டில் காலை வைத்து நின்றேன். நெஞ்சு ஒரு தடவை அடித்து, அடுத்ததை மறந்துவிட்டு, பிறகு நினைவு வந்தாற்போல மறுபடி அடித்தது.

மேலே பார்த்தேன். கூண்டின் கதவு திறந்தே இருந்தது. இன்னும் அதே அளவு ஏணிதான். மாதக்கணக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சப்பென்ற சோற்றைத் தின்று, இந்தக் கதவுக்காகத்தான் கிடந்தேன். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்று மனசு சொன்னது. அங்கே போனால் நான் அடங்குவேன், எப்போதும் அடங்கியிருக்கிறேன். கீழே பார்த்தேன். தெலுங்குக்காரர் கையை உயர்த்திக் காத்திருந்தார். கப்பலுக்குள் ஆட்களின் மஞ்சள் தலைக்கவசங்கள் தெரிந்தன. முழு பலத்தையும் கொடுத்து விரல்களை மடக்கினேன். பாதிதான் மடங்கியது.

எனக்குப் பயம் வந்தது. என்னை நினைத்து அல்ல. அந்தத் தலைகளைப் பார்த்து.

"க்யா ஹுவா அன்னா?" என்ன ஆச்சு என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏலாது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு "நஹி ஹோகா" என்று அதையே இந்தியில் சொன்னேன். அவர் மேலும் கேட்கவில்லை. கையிலிருந்த வாக்கிடாக்கியில் ஏதோ சொல்லிவிட்டு ஏணியில் ஏறி வந்தார். எனக்குக் கீழ்ப்படியில் நின்று, என் ஒவ்வொரு காலையும் தன் கையால் பிடித்து அடுத்த கம்பியில் வைத்துவைத்து இறக்கினார். தரையில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்ததும் அங்கே ஓட்டம் பிடித்தார்கள். கையில் ஊசி, மூக்கில் மருந்துப் புகை, சொட்டு சொட்டாக என்னென்னவோ. பொட்டாசியம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கோ போயிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். நாலாவது மாத்திரையை நிறுத்தினார்கள். மறுநாள் பகலில் அளவு இறங்க ஆரம்பித்து, என்னை வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டரம்மாவே என்னைப் பார்க்க வந்தார்.

"இவ்வளவு எப்படி ஏறுச்சு? வாழைப்பழம் சாப்பிட்டீங்களா?"

"தாரையே தானம் பண்ணிட்டேன் மேடம்."

"அந்த உப்பு?" இல்லை. "கீரை, சூப்பு, நாட்டு மருந்து?" எதுவும் இல்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். கட்டிலின் மறுபக்கம் மனைவி நின்றாள். அந்த நேரத்தில் வார்டு வாசலில் மச்சான் வந்து நின்றான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஒரு கையில் குலை, மறு கையில் ஏற்கெனவே சீவித் திறந்து ஸ்ட்ரா போட்ட ஓர் இளநீர். டாக்டரம்மாவைக் கண்டு கும்பிட முடியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேராக வந்து ஸ்ட்ராவை என் வாயில் வைத்தான்.

"குடிங்க மச்சான். ரெண்டு நாளா இல்லாம வாடிப் போய்ட்டீங்க."

டாக்டரம்மா இளநீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளா இல்லாமன்னா? அதுக்கு முன்னாடி?"

"முன்னுக்குத் தெனமும்தானே மேடம்" என்று என் மனைவி மலர்ந்த முகத்தோடு சொன்னாள். "காலையில ஒண்ணு, வேலைக்கு ரெண்டு, அந்திக்கு ஒண்ணு. நானே வெட்டி ஊத்திக் குடுப்பேன். அதுலதான பிரஷரே எறங்கிச்சு."

டாக்டரம்மா கையை நீட்டி என் வாயிலிருந்த ஸ்ட்ராவை உருவினார். இளநீரை வாங்கி ஜன்னல் திண்டில் வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. "இளநீர் முழுக்கப் பொட்டாசியம்தாங்க. பழத்தைச் சொன்னேன், இதைக் கேட்கலையே நான். எங்க ஊர்ல வெயில்ல போறப்ப எப்பவாவது ஒண்ணு குடிப்போம். நாலு குடிப்பீங்கன்னு எனக்குத் தோணல" என்றார். வங்காளியோடு சேர்த்து ஐந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

மச்சான் குலையைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். எல்லோரும் போன பிறகு மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தக் கையாலதானேங்க ஊத்திக் குடுத்தேன்" என்றாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அவளைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. கருவாடு இல்லாத சோற்றைப் பார்த்து நான் முகம் சுளித்ததால்தான் தம்பிக்கு அவள் போன் போட்டாள். கப்பல் வரட்டும் என்று சொன்னவனும் நான்தான். அதை அவள் சொல்லிக்காட்டவில்லை, ஒரு தடவைகூட. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நாலாவது மாத்திரை இல்லாமல் எண் மறுபடி ஏறியது. நூற்று எழுபதைத் தொட்டது. எனக்கு எல்லாம் போய்விட்டது என்று பட்டது. டாக்டரம்மா விடவில்லை. ரத்தம் சரியான பிறகு அதே மாத்திரையைப் பாதி அளவில் மறுபடி கொடுத்தார். இளநீர் கிடையாது. ஒவ்வொரு வாரமும் ரத்தம் பார்க்க வேண்டும், கப்பல் வந்தாலும் வராவிட்டாலும். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நான் உட்கார்ந்தேன். கால் ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்து மனைவி என் முட்டியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆடுவது நிற்கவில்லை, ஆனால் வரிசை முடியும்வரை எழுந்து ஓடவில்லை. மச்சான் இப்போது வந்தால் வெறுங்கையோடு வருகிறான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறான். கொட்டகை வாசல் வங்காளிக்கு நானே விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. "டாப் ஸே க்யா ஹோதா ஹை", இளநீரால் என்ன ஆகிவிடும் என்று இன்னமும் கேட்கிறான்.

எண் மெதுவாக இறங்கியது. பொட்டாசியம் அதன் இடத்தில் நின்றது. அலுவலக டாக்டர் இந்தத் தடவை ரத்த முடிவைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

கிரேனுக்குப் போக வேண்டிய காலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். தலைக்கவசத்தை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். விரல்களை மடக்கிப் பார்த்தேன். முழுதாக மடங்கின. ஆனாலும் அந்தத் தட்டும், கீழே தெரிந்த மஞ்சள் தலைகளும் கண்ணை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்றும் இருந்தது, யாராவது தடுத்தால் நல்லது என்றும் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

மனைவி பாட்டிலைக் கொண்டுவந்து தந்தாள். கொதிக்கவைத்து ஆறிய வெறும் தண்ணீர். வேறு எதுவும் இல்லை என்று தெரிவதற்காகவோ என்னவோ, ஒளி ஊடுருவும் பாட்டிலாக மாற்றியிருந்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்தாள். டாக்டரம்மா கைப்பலம் பார்க்கும்போது செய்வது போல, விரல்களைத் தன் கையில் வைத்து இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன். வலித்திருக்கும், முகத்தில் காட்டவில்லை.

"என்னளா, ஏற முடியுமா?" என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அதற்கு முன் நான் யாரிடமும் கேட்டதில்லை.

கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏலும்" என்றாள். "போங்க. நடுத் தட்டுல நின்னு மூச்சு வாங்கிட்டுப் போங்க."

அன்றைக்கு அந்தத் தட்டில் நின்றேன்.